வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு!

விடிகாலை. கோலம் போட வருகிறாள் வீட்டுக்காரி. வாசலில் பழைய ஜீப் நிற்கிறது. நேற்றுத்தான் கழுவிவிட்ட தரை. இன்று அதில் ஒரு ரூபாய் அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"வண்டியிலே எண்ணெய் ஒழுகுதே, பார்த்தீங்களா?" என்று கேட்கிறாள்.

"பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்கிறார் கணவர். கடையில் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டு, வேலைக்குப் புறப்படுகிறார்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அவர் சொன்னது தவறான பதில்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பார்கள். சேமிப்புக்கு மட்டும் அல்ல, நஷ்டத்துக்கும் அது பொருந்தும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்தக் காட்சி புதிது அல்ல. சிப்காட் ஆலைகள், காக்களூர் தொழிற்பேட்டை, செங்கல் சூளைகள், தோப்புகள் என்று எங்கும் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டிகளும் உண்டு. சேற்றிலும் மணலிலும் அவைதான் கை கொடுக்கும். 1998-ல் மிட்சுபிஷி கார் தயாரிக்கத் தொடங்கிய திருவள்ளூர் ஆலையில் இருந்து, பின்னர் பஜேரோ வண்டிகளும் வெளிவந்தன. ஆகவே, இது இந்த மண்ணில் பிறந்த வண்டியின் கதையும்கூட.

நான்கு பெட்டிகள்

சாதாரண லாரியில் என்ஜினின் சக்தி கியர் பாக்ஸ் வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், கியர் பாக்ஸை அடுத்து இன்னொரு பெட்டி இருக்கிறது. அதற்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை.

முன்னால் ஒரு கிரவுன். பின்னால் ஒரு கிரவுன். ஆக, எண்ணெய் நிற்கும் பெட்டிகள் மொத்தம் நான்கு!

ஒவ்வொரு பெட்டியிலும் சுற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில், ரப்பர் உதடு வைத்த ஒரு வளையம் உண்டு. அதுதான் ஆயில் சீல். வெயில், புழுதி, வயது மூன்றும் சேர்ந்தால் ரப்பர் கெட்டிப்படும்; வெடிக்கும். அப்போது எண்ணெய் கசியும்.

சீலை மாற்றினால் போதும் என்று தோன்றும். எந்த சீலை? அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

முதல் கேள்வி: எந்த எண்ணெய்?

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை பேசும்.

கன்னங்கரேல் என்று இருந்தால் அது பெரும்பாலும் என்ஜின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக இருந்து, அழுகிய வெங்காயம்போல் நாறினால் அது கியர் ஆயில். பற்கள் தேயாமல் இருக்க அதில் கந்தகப் பொருள் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம்தான் அது. சிவப்பாக இருந்தால் தானியங்கி கியர் எண்ணெயாக இருக்கலாம். பவர் ஸ்டியரிங் எண்ணெயாகவும் இருக்கலாம். பல வண்டிகளில் இரண்டும் ஒரே நிறம்தான்.

தண்ணீர்போல் நீர்த்து, லேசான மஞ்சளாக இருந்து, தண்ணீர் விட்டதும் கரைந்து போனால்? உஷார்! அது பிரேக் ஆயில். கிளட்சுக்கும் அதே எண்ணெய்தான். எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது.

இது சிறிய சோதனைதான். ஆனால் பெரிய செலவைத் தடுக்கும். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் உள்ள கூடு இருக்கிறது. அதன் அடியில் சொட்டினால் மூன்று காரணங்கள் இருக்கலாம். கறுப்பு எண்ணெய் என்றால் என்ஜினின் பின் சீல். நாறும் எண்ணெய் என்றால் கியர் பாக்ஸின் முன் சீல். நீர்த்த எண்ணெய் என்றால் கிளட்ச் சிலிண்டர். மூன்றும் மூன்று வேலை, மூன்று கூலி.

இரண்டாம் கேள்வி: எங்கே பிறந்தது?

சொட்டு விழும் இடம் வேறு. எண்ணெய் பிறக்கும் இடம் வேறு. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். கியர் பாக்ஸின் மூடியில் கசிந்தது டிரான்ஸ்பர் கேஸின் அடியில் வந்து சொட்டும். அதைப் பார்த்துவிட்டு டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றினால் பணமும் போகும், ஒழுக்கும் நிற்காது.

செய்ய வேண்டியது என்ன? அடிப்பாகம் முழுவதையும் கழுவித் துடைத்துக் காய வையுங்கள். வண்டியைப் பத்து, இருபது கிலோ மீட்டர் ஓட்டுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் உள்ள இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அங்கே தேடுங்கள். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், காய்ந்த இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். எண்ணெய் வந்த வழி கோடு போட்டதுபோல் தெரியும்!

வெளியே தெரியாத ஒழுக்கு

பழைய ஜீப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்போல் இணைந்திருக்கும். நடுவில் உள்ள தடுப்பு தேய்ந்துவிட்டால், ஒரு பெட்டியின் எண்ணெய் மற்றொன்றுக்குள் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. ஒரு பெட்டி நிரம்பி வழியும். மற்றொன்று எண்ணெய் இல்லாமல் காய்ந்து, பற்கள் தேயும். ஆகவே தரை சுத்தமாக இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளிலும் அளவு பார்க்க வேண்டும்.

அளவு பார்க்கும்போது வண்டி சம தரையில் நிற்க வேண்டும். எண்ணெயை மாற்றுவதானால், முதலில் ஊற்றும் வாயின் திருகைக் கழற்றிவிட்டு, பிறகு இறக்கும் திருகைத் தொடுங்கள். எண்ணெயை இறக்கிவிட்ட பிறகு மேல் திருகு வர மறுத்தால், வண்டி அங்கேயே நிற்கும்.

இன்னொன்று: பெட்டிக்கும் மூச்சு உண்டு. ஓடும்போது சூடேறி உள்ளே காற்று விரியும். அது வெளியேறச் சிறு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். சேறு அதை அடைத்துவிட்டால், விரிந்த காற்று நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். புது சீல் போட்டும் ஒழுகும்.

அதே வண்டி சூடாக வெள்ளத்தில் இறங்கினால் நிலைமை தலைகீழ். பெட்டி குளிர்ந்து, உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டம் வெள்ளத்தைக் கண்டது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் போய்வந்த வண்டியின் கியர் ஆயிலை உடனே பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

உயிருக்கு உலை!

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர்?

பழைய ஜீப்புகள் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், தண்டின் மேல் இருக்கிறது. அங்கே உள்ள சீல் ஒழுகினால் எண்ணெய் நேராகப் பிரேக்கில் போய் விழும். மேட்டில் நிறுத்திய வண்டி தானாக உருளும். பின் சக்கரத்துச் சீல் ஒழுகினாலும் அப்படித்தான். கால் பிரேக் வழுக்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே அது நேர்ந்தால் என்ன ஆகும்?

ஒழுக்கைத் தேடுகிறவருக்கும் ஆபத்து உண்டு. அந்தக் கை பிரேக் தண்டைத்தான் பிடிக்கும், சக்கரத்தை அல்ல. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் மறு பக்கமும் சுற்ற, கிரவுன் இடம் கொடுக்கும். கை பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும்! ஜாக்கி சாயும்!

ஆகவே, ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உறுதியான ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுங்கள். அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். வீட்டு வாசலில் பார்ப்பதானாலும் இதே விதிதான்.

பார்ப்பதும் வேலைதான்

இவ்வளவும் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? பலருக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் சீலுக்கு மேல் சீலாக மாற்றுகிறார்கள்?

குற்றம் வண்டிக்காரர்கள் பேரிலும் இருக்கிறது. மாற்றிய சாமானுக்குக் காசு கொடுக்கிறோம். மாட்டிய கைக்குக் கூலி கொடுக்கிறோம். கழுவி, காய வைத்து, ஓட்டி, தேடிக் கண்டுபிடித்த நேரத்துக்கு மட்டும் ஒன்றும் கொடுப்பது இல்லை. "சும்மா பார்த்ததுக்குக் காசா?" என்று கேட்கிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லை என்றால், பார்க்காமலே மாற்றுகிற பழக்கம்தானே வளரும்?

டாக்டர் நாடி பார்த்துச் சொன்னால் அவருக்குப் பணம் தருகிறோம். நோயைக் கண்டுபிடிப்பதும் வைத்தியத்தில் பாதி என்று நமக்குத் தெரியும். பட்டறைக்கும் அதே நியாயம்தான். தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பார்க்காமல் போட்ட புது சீல், விரைவில் மறுபடியும் ஒழுகும். பார்த்துச் சொல்ல அரை நாள் கூலி ஆனாலும், ஒரு கியர் பாக்ஸின் விலைக்கு அது ஈடாகாது.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று வண்டிக்காரருக்குக் காட்டிவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய பழைய சீலைக் கையில் கொடுங்கள். இறக்கிய எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள். நம் பிள்ளைகள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரும் அதே மண்ணில்தான் ஊறுகிறது. கழிவு எண்ணெயை அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது.

நாளைக் காலையில் வாசலில் கறை தெரிந்தால், அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடாதீர்கள். குனிந்து பாருங்கள். வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது. கேட்கக் காது வேண்டும். பார்க்கப் பொறுமை வேண்டும். பார்த்துச் சொல்கிறவருக்குக் கூலி கொடுக்க மனமும் வேண்டும்!