ஈ, தா, கொடு: முதியோர் உதவித்தொகை குறித்துச் சில எண்ணங்கள்

ஒருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்பதற்குரிய சொற்களாகத் தொல்காப்பியர் சொல்லதிகார எச்சவியலில் மூன்றைக் குறிப்பிடுகிறார்: ஈ, தா, கொடு. பொருள் ஒன்றே போலத் தோன்றினாலும் சொல்லும் வாய் வேறு. தன்னினும் உயர்ந்தவனிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான். ஒத்தவனிடம் கேட்பவன் ‘தா’ என்பான். தன்னினும் தாழ்ந்தவனிடம் கேட்பவன் ‘கொடு’ என்பான். வகுப்பறையில் இந்நூற்பாக்களை நடத்தும்போது மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்குரிய ஐந்து மதிப்பெண் வினாவாகவே குறித்துக்கொள்கின்றனர். நமக்கோ இவற்றைப் படிக்கும்போதெல்லாம் முதியோர் உதவித்தொகை கேட்டு எழுதப்படும் மனுக்களே நினைவுக்கு வருகின்றன.

அரசு அலுவலக வாயில்களில் மனு எழுதிக் கொடுப்பவர்களின் நடையை வாசகர்கள் அறிவார்கள். ‘அய்யா அவர்களின் கருணை உள்ளத்திற்கு’ என்று தொடங்கி, ‘ஏழையேன்’, ‘நாதியற்றவள்’ என்று வளர்ந்து, ‘காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டிருப்பேன்’ என்று முடியும் நடை அது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நம் மாணவர்கள் கிராமத்து முதியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுண்டு. காரண காரியத்தோடு நான்கு வரி எழுதினால் போதும் என்று நாம் சொன்னாலும் அவர்கள் ஒப்புவதில்லை. “கொஞ்சம் அழுது எழுதுப்பா, அப்பதான் மனசு எறங்கும்” என்றார் ஒரு மூதாட்டி. அறுபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் ஓர் அரசுத் திட்டத்தின் பயன், ஓர் அலுவலரின் மனம் இறங்குவதைப் பொறுத்தது என்று அவர் நம்பியிருந்தார். அவரை அவ்வாறு நம்ப வைத்தது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 ஏப்ரல் 1 அன்று, மாதம் 20 ரூபாய் என்ற அளவில் தொடங்கியது. பின்னர் மாற்றுத் திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள், விவசாயத் தொழிலாளர்கள், கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் எனத் திட்டம் கிளைகள் விட்டது. 1983இல் முதியவர்களும் சத்துணவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். மத்திய அரசு இத்துறைக்குள் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். இந்த வரலாறு பெருமைக்குரியது. அதனைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஊர்ப்புறங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்ததற்கு இத்தொகையே காரணம். மருமகளின் கையை எதிர்பாராமல் வெற்றிலைக்கும் மாத்திரைக்கும் தம் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து காசெடுத்த கிழவிகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தச் சுருக்குப் பையின் மதிப்பு அதிலிருந்த தொகையினும் பெரிது.

ஆயினும் அந்தப் பையை அடைய அவர்கள் கடந்துவந்த வழியை நாம் பார்க்க வேண்டும். இத்திட்டத்தின் அடிப்படைச் சொல் ‘ஆதரவற்றவர்’ என்பது. வயதானவர், உழைக்க இயலாதவர் என்பது மட்டும் போதாது. தமக்கு எவருமில்லை என்றும் மெய்ப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை வழங்குவார். மகன் இருக்கும் தாயின் நிலை என்ன? “உன் மகன் சோறு போடுகிறானா?” என்ற கேள்விக்குத் தெருவார் கேட்க அவர் விடை சொல்லியாக வேண்டும். ‘போடுகிறான்’ என்றால் பணமில்லை. ‘போடவில்லை’ என்றால் பெற்ற பிள்ளையை ஊரறியப் பழித்ததாகும். தாமே கூலிக்கு அலையும் மகன் அரை வயிற்றுச் சோறு போடுகிறான் என்ற உண்மையை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தீர்ப்பாயத்தை நாடினால் மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர அதில் வழியுண்டு. வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்கு அது துணை செய்யும். பிள்ளையும் ஏழையாக இருக்கும் வீட்டில் அச்சட்டம் யாரிடமிருந்து எதை வாங்கித்தர முடியும்?

மாற்றுத் திறனாளிகளின் நிலையிலும் இத்தகைய ஓர் அளவுகோல் உண்டு. 2009இல் மத்திய அரசு தொடங்கிய ஓய்வூதியத் திட்டம் 80 விழுக்காடு ஊனம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 79 விழுக்காட்டுக்காரருக்குப் பசி குறைவாகவா எடுக்கும்? ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் புண்படுத்துகிறது என்பதால் தமிழக அரசு 2010இல் துறையின் பெயரை ‘மாற்றுத் திறனாளிகள்’ என்று மாற்றியது. நல்ல மாற்றமே. எனினும் சொல் அவர்களின் திறனைப் பேச, சான்றிதழோ இன்னும் அவர்களின் இயலாமையை விழுக்காட்டில்தான் அளக்கிறது. இதில் ஆறுதல் தரும் செய்தி 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம். மற்றவர்களுக்கான ஒத்த திட்டங்களைவிட அவர்களுக்கு வழங்கும் தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2023இல் அறிவிக்கப்பட்ட தொகைகள் முதியோருக்கு 1,200 ரூபாயும் மாற்றுத் திறனாளிகளுக்கு 1,500 ரூபாயும் ஆகும். கணக்கிட்டுப் பாருங்கள், வேறுபாடு சரியாக 25 விழுக்காடு. சட்டத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருந்தால் எவரும் அழுது எழுத வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

எண் எழுதப்படாத இடத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2011இல் 1,000 ரூபாயாக உயர்ந்த முதியோர் தொகை 2023 ஆகஸ்டு வரை பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 2006இல் 75 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்த அது, எண்பது வயதுக்குட்பட்டவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அதே 200 ரூபாயாகவே இருந்தது. இதே காலத்தில் நம்மைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு விலைவாசி ஏற்றத்திற்கேற்ப அகவிலைப்படி பலமுறை உயர்ந்தது. அதற்காக நாம் எவருடைய கருணை உள்ளத்திற்கும் மனு எழுதவில்லை. அரிசியும் பருப்பும் நமக்கு ஒரு விலைக்கும் கூலிக்காரக் கிழவருக்கு வேறொரு விலைக்குமா விற்கப்படுகின்றன?

அரசு ஊழியரின் ஓய்வூதியம் அரசின் கொடையன்று, அது உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. செய்த பணிக்கு ஈடாக முதுமையில் பெறுவது என்பது அதன் அடிப்படை. நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டவரும், செங்கல் சுமந்தவரும், தெருக்கூட்டியவரும் செய்தது பணியில்லையா? வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடாத ஒரே காரணத்தால் ஒருவருக்கு ‘ஓய்வூதியம்’ என்பது மற்றவருக்கு ‘உதவித்தொகை’ ஆகிவிடுகிறது. அரசாணைகளில் முதியோர் ஓய்வூதியம் என்றே பெயரிருந்தாலும் நாளிதழ்களிலும் மேடைகளிலும் நம் பேச்சிலும் வழங்குவது உதவித்தொகை என்ற பெயர்தான்.

இப்படிக் கொடுத்துக்கொண்டே போனால் கருவூலம் தாங்குமா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கின்றனர். முறையான கேள்விதான். அரசியலமைப்பின் 41ஆம் கூறே, முதுமையிலும் நோயிலும் ஊனத்திலும் பொது உதவி பெறும் உரிமையை அரசின் பொருளாதார ஆற்றலுக்குட்பட்டு என்றுதான் சொல்கிறது. அதனை நீதிமன்றம் சென்று நிலைநாட்டவும் முடியாது. ஆனால் ஆற்றல் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் கேள்வியே. ‘இலவசம்’ என்ற சொல் நம் ஊதிய உயர்வைப் பற்றிய பேச்சில் ஒருநாளும் வருவதில்லை. 1,200 ரூபாயைப் பற்றிய பேச்சில் தவறாமல் வந்துவிடுகிறது.

அரசு எதற்கு, ஈகை உள்ளம் கொண்டவர்கள் செய்யட்டுமே என்போரும் உண்டு. அவர்கள் மணிமேகலையை ஒருமுறை படிக்கலாம். பார்வையற்றோர், செவித்திறன் இல்லாதோர், நடக்க இயலாதோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோரை மதுரையில் அழைத்து உண்பித்தவன் ஆபுத்திரன். நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியதும் அவனிடம் சோறு கேட்க ஆளில்லாமல் போகிறது. உண்பாரைத் தேடி அலைந்து, ஆளற்ற தீவில் தனித்து விடப்பட்டு, வற்றாத பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு அவன் உயிர் துறக்கிறான். கொடுப்பவனின் அறம் வாங்குபவனின் வறுமையைச் சார்ந்து நிற்கிறது என்ற கொடிய உண்மையைச் சாத்தனார் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். இரவையும் இரவச்சத்தையும் பொருட்பாலில் வைத்தார். ஒருவர் இரந்து நிற்பது அரசும் குடியும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய செய்தி என்று நாம் அதனைப் படிக்கிறோம்.

வழி தெரியாமல் இல்லை. 2001 நவம்பர் 28 அன்று உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட திட்டங்களைச் சட்டப்படியான உரிமைகளாக்கி, மாதந்தோறும் ஏழாம் நாளுக்குள் அதனை வழங்கப் பணித்தது. 2023இல் இராசத்தான் இயற்றிய குறைந்தபட்ச வருவாய் உறுதிச் சட்டம், ஓய்வூதியம் ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயர வேண்டும் என்று எழுதியே வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவியருக்குத் தொடங்கிய திட்டத்திற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் சூட்டியது. பெண்களின் ஊதியமற்ற உழைப்பை ஏற்றுக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயர் ஏன் அவர்களின் மாமியாருக்கு உரியதாகக் கூடாது?

பெயரோடு நின்றுவிடுதலும் ஆகாது. தொகை விலைவாசியோடு தானே உயர வேண்டும். பிள்ளைகளைப் பழிக்க வைக்கும் விசாரணை ஒழிய வேண்டும். ஏழைக் குடும்பத்து முதியவர் என்பதே தகுதியாகப் போதும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி அறியாவிட்டால் அதற்காக எவருடைய பணமும் நிற்கலாகாது. படுக்கையில் கிடப்பவருக்குப் பணம் வீடு தேடிச் செல்ல வேண்டும்; அஞ்சல்காரர் பணவிடை கொண்டுவந்த காலத்தில் சென்றதுதானே அது? மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில், அவருக்குப் புரியும் தமிழில் தரப்பட வேண்டும்.

தொல்காப்பியர் தம் நூற்பாக்களில் உயர்ந்தோனும் கேட்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். கேட்பதில் இழிவில்லை, எந்தச் சொல்லால் கேட்க வைக்கப்படுகிறோம் என்பதில்தான் இழிவும் உயர்வும் இருக்கின்றன. மக்களாட்சியில் குடிகளே உயர்ந்தோர் என்று மேடைதோறும் சொல்கிறோம். அது மெய்யானால், ஒரு கிழவி வட்டாட்சியர் முன் நின்று ‘கொடு’ என்று சொல்ல உரிமையுடையவள். அவளுடைய பெருந்தன்மையால் ‘தா’ என்று கேட்டால் அதுவே அரசுக்குப் பெருமை.