காவல்காரருக்கு யார் காவல்?



போன ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம் முடிந்து நாலைந்து பேர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு நாட்டில் போலீஸ்காரர்கள் சம்பளம் போதவில்லை, வேலை நேரம் தாங்கவில்லை, ஆகவே வேலையை நிறுத்தப் போகிறோம் என்று மிரட்டுகிறார்களாம் என்ற செய்தியை ஒருவர் படித்துச் சொன்னார். செம்பனைக் குலை வெட்டியே முதுகு வளைந்த பெரியவர் ஒருவர் சட்டென்று கேட்டார்:

“ஏன் வாத்தியாரே, நாம ஸ்ட்ரைக் பண்ணினா போலீசு வரும். போலீசே ஸ்ட்ரைக் பண்ணினா யாரு வருவா?”

எல்லாரும் சிரித்தோம். ஓர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகன் போலீஸ் வேலையில் இருக்கிறான். “அவுங்களுக்கும் வயிறு இருக்குல்ல சார்?” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெரியவரின் கேள்வியும் அந்தத் தாயின் கேள்வியும் வீடு வரை என்னோடு வந்தன. இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குச் சரித்திரத்தில் விடை இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால், முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், இங்கிலாந்தில் நடந்தது இது. 1914-இல் போர் தொடங்கியபோது இருந்த விலைவாசி 1918-க்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. ஆயுதத் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்தவர்கள் நல்ல சம்பளம் வாங்கினார்கள். தெருவில் இரவு பகலாக நின்ற லண்டன் போலீஸ்காரரோ அவர்களைவிடக் குறைவாக வாங்கினார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே 1910-இல்தான் சட்டமாக வந்தது. காவலர் இறந்துவிட்டால் அவர் மனைவிக்கு ஓய்வூதிய உரிமையும் கிடையாது. வெளியில் பார்த்தால் மிடுக்கான நீல உடுப்பு. வீட்டில் பார்த்தால் அடுப்பு எரியாத நாள்கள்!

வாய் திறந்து கேட்க அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆனால் அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கத்தில் சேர்ந்தவர் வேலையை இழக்க நேரிடும் என்பதால் உறுப்பினர்கள் மறைவாகவே இயங்கினார்கள். அப்படி இருக்கையில் சங்க வேலை செய்தார் என்பதற்காகத் தாமஸ் தீல் என்ற காவலர் 1918 ஆகஸ்டு மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஊறிக்கொண்டிருந்த கோபம் அதோடு உடைந்தது. ஆகஸ்டு 30-ஆம் தேதி லண்டன் காவலர்களில் ஏறத்தாழ 12,000 பேர் வேலைக்குப் போகவில்லை. அரசாங்கக் கட்டடங்களைக் காக்கப் போர்வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

எதிரியோடு போர் நடந்துகொண்டிருக்கும் நேரம். தலைநகரில் போலீஸ் இல்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜ் மறுநாளே சங்கத் தலைவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துப் பேசினார். வாரத்துக்கு 13 ஷில்லிங் சம்பள உயர்வு. விதவைகளுக்கு வாரம் 10 ஷில்லிங் ஓய்வூதியம். தீலுக்கு மீண்டும் வேலை. (அந்நாளில் 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன்.) ஒரே நாளில் பிரச்சினை முடிந்தது.

லண்டன் போலீஸ் தலைவராக இருந்த சர் எட்வர்ட் ஹென்றி பதவி விலகினார். இவர் யார் தெரியுமா? நாம் அடையாள அட்டைக்குப் பெருவிரலை வைக்கிறோமே, அந்தக் கைரேகையை வகைப்படுத்தும் முறை இவர் பெயரால்தான் வழங்குகிறது. இவர் வங்காளத்தில் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் உழைத்து உருவாக்கிக் கொடுத்த முறை அது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்பது அங்கும் இருந்திருக்கிறது. பல்லாயிரம் விரல்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அதிகாரிக்குத் தம் கீழிருந்தவர்களின் வயிற்றைப் பார்க்கத் தெரியாமல் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம். ஆனால் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. சங்கத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, போர்க்காலத்தில் அது முடியாது என்று பிரதமர் சொன்னார். போர் முடிந்தால் ஏற்றுக்கொள்வார் என்று காவலர்கள் பொருள் கொண்டார்கள். அவர் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்பினார்கள்.

போர் முடிந்தது. அரசாங்கம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, டெஸ்பரோ பிரபு தலைமையில் ஒரு குழுவை நியமித்துக் காவலர்களின் நிலையை ஆராயச் சொன்னது. அந்தக் குழு 1919-இல், புதிதாகச் சேரும் காவலருக்கு வாரம் 70 ஷில்லிங் கொடுக்கவேண்டும், அதுவும் நாடு முழுவதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று பரிந்துரை செய்தது. முன்னே வாங்கியதோடு ஒப்பிட்டால் இது பெரிய உயர்வு. இரண்டாவது, காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேரவே கூடாது என்று நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. சங்கத்துக்குப் பதிலாகக் காவலர் சம்மேளனம் என்று ஓர் அமைப்பு. அது பேசலாம், வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. ஒரு கை கொடுத்தது. மறு கை எடுத்தது.

சங்கத் தலைவர்கள் 1919 ஜூலை 31-ஆம் தேதி மீண்டும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஆனால் இந்தத் தடவை காலம் மாறியிருந்தது. சம்பள உயர்வு வரப்போகிறது என்று தெரிந்துவிட்டதால் லண்டனில் முந்தின ஆண்டு போன 12,000 பேருக்குப் பதிலாக ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வெளியே வந்தார்கள். வேலைக்கு வராதவருக்கு மறுபடி வேலையே கிடையாது என்று மேலிடமும் முன்கூட்டியே அறிவித்துவிட்டது.

லிவர்பூல் நகரத்தில் மட்டும் கதை வேறு. நம் பாட்டன்மார் சீவிய ரப்பர் போய் இறங்கிய துறைமுகங்களில் அதுவும் ஒன்று. அங்கே 1,874 காவலர்களில் 954 பேர், அதாவது பாதிக்கு மேல், வேலையை நிறுத்தினார்கள். அது விடுமுறை வாரம். காவல் இல்லை என்று தெரிந்ததும் கடைகளை உடைத்தார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இராணுவம் இறங்கியது. ‘வேலியண்ட்’ என்ற போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வந்து நின்றது. துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிரும் போயிற்று.

முடிவு என்ன? நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்த இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவர்களும் வேலையை இழந்தார்கள். ஒருவரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. பல ஆண்டு சேவை செய்தவர்கள் ஓய்வூதியத்தையும் பறிகொடுத்தார்கள். அதே 1919 ஆகஸ்டில் சங்கத் தடைச் சட்டமும் நிறைவேறியது.

கடல் தாண்டி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலும் அடுத்த மாதமே இதே நாடகம் அரங்கேறியது. அங்கே காவலர்கள் சீருடையைத் தம் சொந்தக் காசில் வாங்கவேண்டும். நிலையங்களில் எலியும் பூச்சியும் குடியிருந்தன. நீண்ட நேர வேலை. அவர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தார்கள் என்று தலைவர்கள் 19 பேரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததும், 1919 செப்டம்பர் 9-ஆம் தேதி 1,544 பேரில் 1,117 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். கலவரம், கொள்ளை, இராணுவம், உயிர்ப்பலி என்று அங்கும் அதே வரிசை. பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக யாருக்கும், எங்கும், எப்போதும் வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அந்த மாநில ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் தந்தி அடித்தார். அந்தத் தந்தி அவரை நாடறியச் செய்தது. 1923-இல் அவர் அமெரிக்க அதிபரே ஆனார். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு வேலை திரும்பவில்லை. ஆனால் அவர்கள் இடத்துக்கு வந்த புதியவர்களுக்கு உயர்ந்த சம்பளமும் இலவசச் சீருடையும் கிடைத்தன.

இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். கேட்டவனை மட்டும் வெளியே தள்ளிவிட்டார்கள். மரம் நட்டவன் ஒருவன், நிழலில் உட்கார்ந்தவன் வேறொருவன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். லிவர்பூல் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த ஊர்த் தொழிற்சங்கங்கள் அவர்களுக்கு ஆதரவாகத் தங்கள் வேலையை நிறுத்தவில்லை. 1911-இல் அதே ஊரில் துறைமுக, போக்குவரத்துத் தொழிலாளர்கள் போராடியபோது, போலீசார் தடியால் அடித்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் மண்ணிலும் இப்படி ஒரு வடு உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம ஊதியம் வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகளில் சில. இராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின. ஆகவே உடுப்புப் போட்டவர்களுக்கு ஒரு கஷ்டம் என்றால், “நல்லா வேணும்” என்று சொல்ல நம்மில் சிலருக்கு நாக்கு துடிக்கும். அது தவறு. உத்தரவு போட்டவன் வேறு, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் வேறு. கீழ்ப்படிந்தவனும் மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் சொல்லும் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். போலீசே வேலையை நிறுத்தினால் யார் வருவார்? லிவர்பூல் காட்டிய விடை: முதலில் திருடன் வருவான், பிறகு துப்பாக்கியோடு சிப்பாய் வருவான். இரண்டு பேராலும் அடிபடுவது பணக்காரர் இல்லை. அவருக்குக் கம்பிக் கதவு உண்டு, கூலிக்குக் காவலாளி உண்டு. அடிபடுவது சந்தைக்குப் போன ஏழைப் பெண்ணும், பெட்டிக்கடை வைத்துப் பிழைப்பவரும்தான். ஆகவே காவல் வேலையில் வேலைநிறுத்தம் கூடாது என்று சட்டம் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி போலீஸ்காரர், சிறைக் காவலர், படைவீரர் ஆகியோர் தொழிற்சங்கத்தில் சேர முடியாது.

ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கும் விடை சொல்லாமல் விட்டால் பாதி விடைதான் ஆகும். வகுப்பில் நான் ஒரு பிள்ளையைப் பார்த்து, “நீ வாய் திறக்கக்கூடாது, கையும் தூக்கக்கூடாது” என்று சொன்னால், அவனுக்குத் தாகம் எடுக்கிறதா, வயிறு வலிக்கிறதா என்று நானே அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? சத்தம் போடுகிற பிள்ளையைவிட அவன்மேல்தான் என் கண் அதிகம் இருக்கவேண்டும். உரிமையை எடுத்துக்கொண்டவர் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

1918-இல் லண்டன் காவலர்கள் தெருவுக்கு வரும் வரை யாரும் அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகு ஒரே நாளில் பணம் பிறந்தது. ஓர் ஆண்டுக்குள் குழுவும் பிறந்தது. அந்தக் குழுவை முன்கூட்டியே நியமித்திருந்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றிருக்குமா? கேட்க முடியாதவருக்குக் கேட்காமலே காலாகாலத்தில் சம்பளத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதும், குறையைச் சொன்னவரைத் தண்டிக்காமல் கேட்பதும், கொடுத்த வாக்கை எழுத்தில் கொடுப்பதும் ஆளுவோரின் கடமை. வேலைநிறுத்தம் கூடாது என்று சட்டம் போடுவதற்கு அவர்கள் செலுத்தவேண்டிய விலை இது.

நமக்கும் இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, வாய்ச்சொல்லை நம்பிக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். நிர்வாகமானாலும் அரசாங்கமானாலும் பேசியதை எழுத்தில் வாங்குங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது, நமக்குச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. சந்தா கொடுக்க முகம் சுளிப்பவரும், கூட்டத்துக்கு வராமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பவரும், அந்த உரிமைக்காக வேலையை இழந்த மனிதர்களும் உலகத்தில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்த அம்மாளைக் கண்டேன். லிவர்பூல் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்த வேலை போனவங்க வீட்டுப் பிள்ளைங்க அப்புறம் என்ன சார் ஆனாங்க?” என்று கேட்டார்.

எந்தக் கதையிலும் ஒரு தாய் கேட்கிற கேள்வி இதுதான். சட்டம் எழுதுகிறவர்கள் பேனாவை எடுப்பதற்கு முன்னால் இதை ஒரு முறை கேட்டுக்கொண்டால், எந்த நாட்டிலும் காவல்காரர் தெருவுக்கு வரவேண்டிய அவசியம் இராது.