தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கலாம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் வட்டாரம் பெரும் பரபரப்புக்கு உள்ளானது. கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சுவாயு பரவியது. மாணவர்கள் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடிச் சென்றனர்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆபத்துக்கு நெடி இருந்ததால்தான் அது உடனே வெளிப்பட்டது. நெடியும் நிறமும் சுவையும் இல்லாத நஞ்சு ஆற்றில் கலந்தால் நாம் எப்படி அறிவோம்? இக்கேள்வியை ஆற்றோரத்தில் வாழும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். உலோக முலாம் பூசும் தொழில், மின்கலத் தயாரிப்பு, சாயத்தொழில், சுரங்கத்தொழில் ஆகியவற்றின் கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால் இவை ஆற்றைச் சென்றடையும். உணவுக்கழிவு காலப்போக்கில் மட்கிவிடும், உலோகம் மட்குவதில்லை. அது ஆற்றின் அடிச்சேற்றில் படிந்து பல ஆண்டுகள் தங்கிவிடும். சேற்றில் வாழும் சிப்பியும் நண்டும் அதை உட்கொள்ளும். சிறிய மீனைப் பெரிய மீன் உண்ணும்போது பாதரசத்தின் அளவு படிப்படியாகக் கூடும். இறுதியில் அது நம் உணவுத் தட்டுக்கே வந்து சேரும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் எனப் பலர் நம்புகின்றனர். கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும், உலோகங்கள் அழியா. நீர் ஆவியாகிக் குறையும்போது எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்குவதோடு கருவிலுள்ள குழந்தையையும் பாதிக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்புகளையும் சிதைக்கிறது.

இவை வெறும் அச்சுறுத்தல்கள் அல்ல. ஜப்பானின் மினமாட்டா நகரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை பாதரசம் கலந்த கழிவைப் பல்லாண்டுகள் கடலில் விட்டது. அங்குப் பிடித்த மீனை உண்டவர்களின் கைகால்கள் நடுங்கின. பார்வையும் பேச்சும் குன்றின. 1956இல் அந்நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. தொழிற்சாலைக் கழிவே அதற்குக் காரணம் என்பதை அரசாங்கம் 1968இல்தான் ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளிலும் மக்கள் மீன் உண்டுகொண்டுதான் இருந்தனர். அதே நாட்டின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களில் விளைந்த அரிசியை உண்டவர்களின் எலும்புகள் எளிதில் முறிந்தன. வலி தாங்காமல் அவர்கள் கதறிய ஒலியே 'இத்தாய் இத்தாய்' என அந்நோயின் பெயராயிற்று.

இனி நம் பத்து பாகாட்டைப் பார்ப்போம். சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் ஆகிய இரு ஆறுகளும் இணைந்து பத்து பாகாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. இவ்வூர் துணி, ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கரையோரத்தில் மீனவர்களும் வாழ்கின்றனர். ஜொகூரின் மேற்குக் கரையோரத்தில் அமில சல்பேட்டு மண் பரவலாக உள்ளது. வடிகால் வெட்டி அம்மண்ணை உலர விட்டால் அமிலம் உருவாகும். அந்த அமில நீர் மண்ணிலுள்ள இரும்பு போன்ற உலோகங்களைக் கரைத்து ஆற்றுக்குக் கொண்டு செல்லும். எனவே, ஆலைகள் மட்டுமல்லாமல் நிலத்தைப் பயன்படுத்தும் முறையும் இங்குக் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் ஆற்றுநீரின் தரம் ஒரு குறியீட்டால் அளக்கப்படுகிறது. கரைந்த உயிர்வளி, உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை, வேதியியல் உயிர்வளித் தேவை, மிதக்கும் திடப்பொருள், அம்மோனியா நைட்ரஜன், அமிலக் காரத்தன்மை என ஆறு கூறுகள் அதில் அடங்கும். கன உலோகம் அவற்றுள் இடம்பெறவில்லை. அதனால் ஓர் ஆறு 'சுத்தமானது' என வகைப்படுத்தப்பட்டாலும், அச்சொல் உலோகங்களைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. நீரிலும் அடிச்சேற்றிலும் சிப்பியிலும் உள்ள உலோக அளவுகளை ஆறுவாரியாக, பொதுமக்கள் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில் தவறாமல் வெளியிட வேண்டும் என்பதே என் கருத்து.

கட்டுப்பாடுகள் கூடினால் ஆலைகளுக்குச் செலவு அதிகரிக்கும், வேலை வாய்ப்பு குறையும் எனச் சிலர் வாதிடலாம். இக்கவலையில் நியாயம் உண்டு. ஆலைச் சம்பளத்தை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால், சுத்திகரிப்புச் செலவை ஆலை தவிர்த்தால் அது மறைந்துவிடாது. மீனவரின் வருமான இழப்பாகவும் நோயாளியின் மருத்துவச் செலவாகவும் வேறொருவர் தலையில் விழும். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும், தண்டனை என்பது குற்றம் நிகழ்ந்த பின் வருவது. கண்காணிப்பே குற்றத்தைத் தடுக்கும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. பழைய மின்கலங்களையும் பழுதான கைப்பேசிகளையும் வீட்டுக் குப்பையோடு எறியாமல் மின்னியல் கழிவுச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்கலாம். ஆற்றில் கழிவு கொட்டப்படுவதைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே தெரிவிக்கலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மினமாட்டா மக்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை, நமக்கு இருக்கிறது. நம் ஆற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது நம் உரிமை. அதற்குத் தெளிவான விடை அளிப்பது பொறுப்பில் இருப்போரின் கடமை.