நமக்கு உதவாத எண்

வெளிநாட்டு விதைப் பொட்டலங்களில் செடியின் பெயரை அடுத்து ஒரு ‘ஸோன்’ எண் அச்சிட்டிருக்கும். அமெரிக்க வேளாண் துறை 1960இல் முதலில் வெளியிட்டு, 2023இல் திருத்திய வரைபடத்தின் எண் அது. ஓரிடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையைச் சராசரி பார்த்து, 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். செடி குளிரில் சாகுமா என்பதற்கு மேல் அதனிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருப்பது ஊட்டி போன்ற மலையூர்களில்தான். மேகமில்லாத இரவில் தரையின் சூடு வானுக்குப் போய்விட, இலை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து உறைபனி படிகிறது. அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடி வைப்பது அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான். மென்மையான தொட்டிச் செடிகள் கண்ணாடி மாளிகைக்குள் போய்விடும்.

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் நாம் மூடுவது மே மாதத்தில், அதுவும் நிழல்வலையால். வெப்பத்துக்கென்றே அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1990களில் இன்னொரு வரைபடம் போட்டது. ஆண்டில் எத்தனை நாள் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது என்பதே அதன் கணக்கு. 210 நாளுக்கு மேல் போனால் 12ஆம் மண்டலம், அதோடு சரி. நாம் அங்கேதான் இருக்கிறோம். ஆனால் அதுவும் கும்மிடிப்பூண்டியையும் திருவாலங்காட்டையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடும். கும்மிடிப்பூண்டிக்குப் பிற்பகலில் வரும் கடல்காற்று, உள்ளே தள்ளியிருக்கும் திருவாலங்காட்டை எட்ட மாலையாகும். மேல்காற்று பலமாக இருந்தால் வராமலே போகும். மார்கழி இரவிலோ திருவாலங்காடுதான் கூடுதலாகக் குளிரும். நர்சரிக்காரருக்கு வேண்டியது இந்த வித்தியாசம்.

அடீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குளிர் அதைக் கொல்லாது, ஐப்பசி கார்த்திகை மழை கொல்லும். அந்த இரண்டு மாதம் கூரைக்குள் வைத்து, தண்ணீரைக் குறைத்தால் அடித்தண்டு அழுகாது. செடியை உள்ளே எடுத்து வைப்பதற்கு நம் ஊரில் அதுதான் பொருள்.

உண்மையான குளிர்காலம் ஒன்றும் இங்கே உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை அலுவலகங்களில் ஏசிக்கு அடியில், பன்னிரண்டு மாதமும். வெயிலூரில் வளர்த்த அக்லோனிமாவை அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். ஏசியின் நேர்க்காற்று படும் பக்கம் முதலில் கருகும். பெஞ்சமினா ஃபைகஸ் வெளிச்சம் குறைந்த அதிர்ச்சியிலேயே இலை கொட்டும். ஆலமரத்தின் உறவாக இருந்தும் அந்தத் தெம்பு அதற்கு இல்லை. வாடிக்கையாளர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார், வேர் அழுகும். பழி நர்சரி மேல்.

அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே செடிகளை அடர்ந்த நிழலுக்கு மாற்றி, உரத்தையும் குறைத்துப் பழக்க வேண்டும். ஆர்டர் அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான். பெயர்ச்சீட்டில் ஸோன் எண்ணுக்குப் பதிலாக மூன்று குறிப்பு எழுதலாம்: மே மாத மதிய வெயில் தாங்குமா, மழைக்காலத்தில் கூரை வேண்டுமா, ஏசி காற்றுக்கு எதிரே வைக்கலாமா.