சர்வகலாசாலையும் விளையாட்டு மைதானமும்

சித்திரை மாதத்தில், வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். காங்கேயம் காளை வாங்க வரும் குடியானவர் தரகரின் பேச்சைக் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுவதில்லை. பல்லைப் பார்க்கிறார்; சுழியைப் பார்க்கிறார்; குளம்பைப் பார்க்கிறார்; நாலடி நடத்திப் பார்க்கிறார். அதன் பிறகே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறார். இவ்வளவு எச்சரிக்கையுள்ள அதே மனிதர், சில வாரங்கள் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளிவந்ததும், தமது மகனையோ மகளையோ மூன்று நான்கு வருஷங்களுக்கு ஒப்படைக்கப் போகும் கலாசாலையை மட்டும் சாலையோர விளம்பரப் பலகையைக் கொண்டே தீர்மானித்து விடுகிறார். இது நமக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது.

சமீப வருஷங்களில் அவ்விளம்பரங்களில் விளையாட்டும் இடம் பெற்று வருகிறது. கோப்பை ஏந்திய வாலிபர்களின் படம், மெடல்களின் எண்ணிக்கை, விசாலமான ஸ்டேடியத்தின் தோற்றம் ஆகியவை பரீட்சைத் தேர்ச்சிக் கணக்கோடு சேர்ந்து காட்சியளிக்கின்றன. பெரிய சர்வகலாசாலையில் சேர வேண்டும், அங்கே விளையாட்டும் செழித்திருக்க வேண்டும் என்று நமது வாலிபர்கள் விரும்புவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்த விருப்பத்தை எதைக் கொண்டு நிறைவேற்றிக் கொள்வது என்பதே கேள்வி.

முதலாவதாக ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாட்டில் சர்வகலாசாலை வேறு, மாணவன் அன்றாடம் போய்வரும் கலாசாலை வேறு. 1857-ல் தோன்றிய சென்னை சர்வகலாசாலை, பல ஊர்க் கலாசாலைகளை இணைத்துப் பரீட்சை நடத்திப் பட்டமளிப்பதற்காகவே ஏற்பட்டது. 1982-ல் கோயமுத்தூரில், மருதமலை அடிவாரத்தில் நிறுவப்பட்ட பாரதியார் சர்வகலாசாலைக்கும் அநேகம் இணைப்புக் கலாசாலைகள் உண்டு. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திலேயே தங்கிக் கற்க வேண்டுமென்ற நோக்கத்துடன் 1929-ல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலை சர்வகலாசாலை போன்றவை சிலவே. ஆகவே, சர்வகலாசாலை எத்தனை கோப்பைகள் வென்றது என்பது, இணைப்புக் கலாசாலையில் சேரும் மாணவனுக்கு மாலை ஐந்து மணிக்குப் பந்தாட இடம் உண்டா என்ற கேள்விக்கு விடையாகாது. பட்டம் சர்வகலாசாலையுடையது; மைதானம் கலாசாலையுடையது.

இரண்டாவதாக, வெற்றியும் விளையாட்டுப் பழக்கமும் ஒன்றல்ல. விளையாட்டில் சிறந்த சர்வகலாசாலைக்காக 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையைப் பெரும்பாலும் பாஞ்சாலத்தைச் சேர்ந்த சர்வகலாசாலைகளே பெற்று வந்திருக்கின்றன. 2022-ல் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா சர்வகலாசாலைப் பந்தயங்களில் அந்நகரத்து ஜெயின் சர்வகலாசாலை முதலிடம் பெற்றது. தென்னாட்டாராகிய நாம் மகிழ வேண்டிய விஷயம்தான். எனினும், மெடல் என்பது ஒரு சிலரின் திறமைக்கும் உழைப்புக்கும் சாட்சி. ஏனைய ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஓடினார்களா, உட்கார்ந்திருந்தார்களா என்பதற்கு அது சாட்சியாகாது.

இந்த வேற்றுமையை அமெரிக்கத் தென் மாகாணங்களில் தெளிவாகக் காணலாம். அலபாமா சர்வகலாசாலையின் கால்பந்து அரங்கில் 1,00,000 பேர் அமர்ந்து ஆட்டம் பார்க்கலாம். ஆடும் கோஷ்டியில் இருப்போரோ நூற்றுச் சொச்சம் பேரே. அங்கே ஆட்டம் ஒரு பெரிய வியாபாரமாகி விட்டது. இதே போக்கைக் கண்டு மனம் கசந்துதான் சிகாகோ சர்வகலாசாலையின் தலைவர் ஹட்சின்ஸ் 1939-ல் தமது கோஷ்டியையே கலைத்து விட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று. கோஷ்டி இருக்கட்டும், ஆனால் அது மாணவர் கூட்டத்திலிருந்து முளைத்ததாக இருக்கட்டும்.

நமது நாட்டிற்கு இவ்விஷயம் புதிதுமன்று. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. தேகப் பயிற்சிக் கலாசாலையை ஆரம்பித்தார். அங்கே பயின்ற உபாத்தியாயர்கள் ஊர் ஊராகச் சென்று தேகப் பயிற்சியைப் பரப்பினார்கள். பெயர்பெற்ற சிலருக்கு மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உடல் வளம் வேண்டும் என்பதே அத்தொண்டின் கருத்து.

அக்கருத்து இன்று நமது கொங்கு நாட்டில் எந்நிலையில் இருக்கிறது? மார்க்குக்குப் பெயர்போன விடுதிப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில், கடைசி இரண்டு வருஷங்களும் பிள்ளைகள் மைதானத்தைக் கண்ணாலும் காண்பதில்லை. விளையாட்டு வகுப்பைக் கணக்கு உபாத்தியாயர் வாங்கிக் கொள்கிறார். விசைத்தறிச் சத்தத்தினிடையே வளர்ந்து, விடுதிச் சுவருக்குள் இரண்டு வருஷம் அடைபட்டு, பதினேழு வயதில் முதுகு வளைந்து வெளிவரும் பிள்ளைக்குக் கலாசாலை மைதானமே கடைசிச் சந்தர்ப்பம். அதுவும் தவறினால், பிறகு அவன் மைதானத்திற்கு வரப்போவதில்லை.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. சிலருக்குப் போடுகிறது. என்ஜினீயரிங் கலாசாலைகளில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் வரையிலும், ராஜ்ய சர்க்கார் உத்தியோகங்களில் 100-க்கு 3 இடங்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இவை தேர்ந்த சிலருக்கே கிட்டும். மற்றவர்களுக்குக் கிட்டுவது ஆரோக்கியமும், தோல்வியைத் தாங்கும் மனமும், பிறரோடு இணங்கிப் பணியாற்றும் பழக்கமுமாகும். இவை சோற்றைவிடக் குறைந்தவை என்று நாம் கருதவில்லை.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் மாலையில் முன்னறிவிப்பின்றிக் கலாசாலைக்கு நேரில் செல்லுமாறு பெற்றோரை நாம் கேட்டுக் கொள்கிறோம். மைதானத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? கோஷ்டியில் இல்லாதவனுக்கும் பந்து கிடைக்கிறதா? பெண்களுக்கு நேரமும் இடமும் உண்டா, அல்லது விடுதிக் கதவு ஐந்து மணிக்கே சாத்தப்படுகிறதா? தேகப் பயிற்சி டைரக்டர் எங்கே இருக்கிறார்? அடிபட்டால் வைத்தியம் யார் பொறுப்பு? இக்கேள்விகளுக்குக் கண்ணால் கண்ட விடையே விடை.

நன்றாக விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மற்றொரு வார்த்தை. சம்பளம் இலவசம், விடுதி இலவசம் என்று அழைக்கும் நிர்வாகிகள் உண்டு. அழைப்பை ஏற்பதில் தவறில்லை. ஆனால் கால் முறிந்து ஆட முடியாமற் போனாலும் அச்சலுகை நீடிக்குமா, பந்தயத்திற்குச் சென்ற நாட்களில் தவறிய பாடங்களையும் பரீட்சைகளையும் யார் ஈடுசெய்வார் என்பவற்றை எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வந்தவர்கள் வழக்கில் படும் பாட்டை வக்கீல் தொழிலில் நாம் போதிய அளவு கண்டிருக்கிறோம். மெடல் வாங்கிக் கொடுத்த பிள்ளை பட்டமின்றி வீடு திரும்பினால், அந்த மெடலின் பெருமை கலாசாலைக்கும், நஷ்டம் குடும்பத்திற்குமாக முடியும்.

கலாசாலை நிர்வாகிகளுக்கும் நமது விண்ணப்பம் ஒன்றுண்டு. விளையாட்டுக் கட்டணத்தை எல்லா மாணவரிடமும் வசூலிக்கிறீர்கள். மைதானத்தையும் எல்லாருக்கும் திறந்து விடுங்கள். தினம் ஒரு மணி நேரத்தை வகுப்பு அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். சர்வகலாசாலைகளும் இணைப்பு வழங்குகையில் கட்டடத்தை அளப்பது போலவே மைதானத்தையும் கண்டிப்பாக அளந்து பார்க்க வேண்டும்.

கண்ணபுரத்துச் சந்தையில் காளையை நடத்திப் பார்க்காமல் வாங்குபவரை ஊரார் விவரமறியாதவர் என்பார்கள். அந்த விவரத்தில் ஒரு பங்கையேனும் நமது பெற்றோர் இவ்வருஷம் கலாசாலை வாசலில் காட்டுவார்களென்று நாம் எதிர்பார்க்கிறோம்.