பட்டியலில் இடம்பெறாத அத்தை

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் அளிக்க முன்வருபவர் நோயாளிக்கு ‘நெருங்கிய உறவினரா’ என்பதை அச்சட்டம் முதலில் பார்க்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் மட்டுமே அப்பட்டியலில் முதலில் இருந்தனர். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அத்தை, சித்தி, பெரியம்மா ஆகியோருக்கு இன்றும் அதில் இடமில்லை. அண்ணன் மகனுக்குச் சிறுநீரகம் தர விரும்பும் அத்தை, பாசத்தின் பொருட்டே தருவதாக அங்கீகாரக் குழுவின் முன் விளக்கி அனுமதி பெறவேண்டும். உறுப்பு வணிகத்தைத் தடுப்பதற்கென வந்த ஏற்பாடு அது. அதில் குறை காண்பது என் நோக்கமன்று. நம் இல்லங்களின் நினைவுப் பட்டியலிலும் அத்தைக்கு அதே நிலை இருப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

மகாளய பட்சத்தில் எள்ளும் நீரும் இறைக்கும் வீடுகளில், தந்தைவழி மூன்று தலைமுறையையும் தாய்வழித் தலைமுறைகளையும் பெயர் சொல்லி முடித்த பிறகே, ‘காருண்ய பித்ருக்கள்’ என்னும் வரிசையில் அத்தையின் பெயர் வரும். அந்த வரிசையில் நண்பர்களும் ஆசான்களும் உண்டு. பிள்ளையில்லாத அத்தையாயின் கண்ணீர் அஞ்சலி அறிவிப்பில் யார் பெயரை முதலில் அச்சிடுவது என்பதற்கே ஒரு விவாதம் நடக்கும். இத்தனைக்கும் திருமண மேடையில் நாத்தனார் முடிச்சிடுபவர் அவர். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் இட்டுக் காதில் பெயர் சொல்லுபவரும் பல குடும்பங்களில் அவரே. வாழ்வின் வாசலில் நிற்கவைக்கிறோம். நினைவின் வாசலில் மறந்துவிடுகிறோம்.

என் அத்தை, தந்தையாரின் மூத்த சகோதரி, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகப் பணியாற்றியவர். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் மக்கள் காத்திருந்த காலம் அது. ஊரின் சாவுச் செய்தியும் பிரசவச் செய்தியும் அவர் காதைத் தொட்டே சென்றன. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அப்பணியின் ஒழுங்கு. அதை அவர் ஓய்வு பெற்ற பின்னும் கைவிடவில்லை. குடும்பத்தில் ஒன்பது பேருக்கு அவர் மருத்துவமனையில் துணையிருந்தார். ஒரு கட்டிலருகே கேட்ட புலம்பலை மற்றொரு வீட்டுக்கு அவர் கொண்டுசென்றதாக எவரும் சொன்னதில்லை. சொத்துத் தகராறில் பேச்சு முறிந்துபோன இரண்டு சித்தப்பாக்களும் இறுதி நாள்களில் அவர் ஒருவரிடம் மட்டுமே மனம் விட்டுப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அவர் பையில் ஒரு தூக்குச்சட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர், மாற்றுப் புடவை, கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை இருக்கும். எந்த வேளைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு கஞ்சி உள்ளே சென்றது, எவ்வளவு சிறுநீர் வெளியேறியது, மருத்துவர் சொன்னது என்ன என்று நேரம் குறித்து எழுதுவார். மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளுக்குக் கடைசிப் பக்கம். நள்ளிரவில் பணி மாறிவரும் செவிலியர்கள் சிலர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததுண்டு.

கடுமையும் அவரிடம் இருந்தது. நோயாளியின் முன் அழுபவர்களை வராந்தாவுக்கு விரட்டிவிடுவார். பார்க்க வந்தவர் யாராவது, தமக்குத் தெரிந்த எவரோ இதே நோயில் இறந்த கதையைத் தொடங்கினால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்களுக்கு நினைவூட்டுவார். கேண்டீன் உப்புமாவை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அதிகாலை நான்கு மணிக் காப்பிக்கு மட்டும் தவறாமல் இறங்கிப் போவார். அந்தக் கால் மணி நேரம் தமக்குரியது என்பார். விடுமுறை நாளில் மேட்னி காட்சிக்குத் தனியாகச் செல்லும் பழக்கம் அவருக்கு அறுபது வயது வரை இருந்தது.

இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் மறைந்தபோது எங்கள் உறவினர் அனைவரும் சொன்னது ‘தியாகி’ என்ற ஒரே சொல்லைத்தான். அன்போடு சொன்ன சொல் அது. எனினும் அச்சொல்லின் மீது எனக்கு ஐயம் உண்டு. காப்பியும் மேட்னியும் கோபமும் அதற்குள் மறைந்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய தீங்கு, ஒருவரைத் தியாகி என்று அழைத்தவுடன் அவருக்கு ஏதும் தேவையில்லை என்று சுற்றியிருப்போர் கருதத் தொடங்குவதாகும். அத்தையின் நோட்டுகளில் ஒன்பது பேரின் இரத்த அழுத்தக் கணக்கு இருக்கிறது. அவருடையது ஓரிடத்திலும் இல்லை. பக்கவாதம் அவரைச் சாய்த்த அன்றுதான் அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது எங்களுக்குத் தெரியவந்தது. அந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே வளர்வது. அளந்து பார்த்தாலன்றி வெளிப்படாது.

அத்தைமாரின் உழைப்பு வரலாற்றிலும் இப்படியே ஓரத்தில் நிற்கிறது. குழந்தைப் பருவத்தில் கைம்பெண்ணாகி, 1911ஆம் ஆண்டு சென்னையில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமியை நாம் அறிவோம். இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்து அவர்களைக் கல்வி கற்கச் செய்தவர். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ள ஐஸ் ஹவுஸ் ஒரு காலத்தில் அப்பெண்களின் விடுதியாக இருந்தது. அம்முயற்சியில் அவருக்கு உறுதுணையாக நின்றவர் அவருடைய தாயின் தங்கை வாலாம்பாள். அவரும் கணவரை இழந்தவர். வெளியில் பள்ளியையும் அரசையும் சுப்புலட்சுமி கவனித்துக்கொள்ள, இல்லத்துக்குள் பெண்களைக் காத்துநிற்க ஒருவர் தேவைப்பட்டார். நூறாண்டுக்குப் பின் சகோதரியின் பெயர் நிலைத்திருக்கிறது. சித்தியின் பெயரைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது.

இம்மடலைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது ஏதோ ஒரு கட்டிலின் மீதோ அதன் அருகிலோ இருப்பீர்கள். ஓர் அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ உங்களுக்குத் துணையிருக்கக்கூடும். படுத்திருப்பவரே அவராகவும் இருக்கலாம். ஒரு நோட்டு வாங்கி வைத்து அவரைப் பற்றி எழுதத் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். புகழுரை வேண்டாம். எந்தப் பள்ளியில் படித்தார், முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினார், யாரோடு பேச்சை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டுப் போகாமலிருக்கிறார் என்று எழுதுங்கள். அவர் துணையிருப்பவராயின், புறநோயாளிப் பிரிவில் அவருடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்து, அந்த எண்களையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள். மறுப்பார், எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார். எங்கள் அத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரம் முடிந்து, விளக்குகள் பாதி அணைந்து, இரவு மருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும் பொழுது இதற்கு மிகவும் உகந்தது. முதல் கேள்விக்கு, இதையெல்லாம் போய் யாராவது எழுதுவார்களா என்று சிரிப்பார். இரண்டாம் கேள்விக்குப் பிறகு அவரை நிறுத்துவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.