சட்டம் அறிவோம்: பேசின விலையும் வந்த பில்லும்



குளிர் தொடங்கினால் இந்த நாட்டு வீடுகளில் ஏதாவது ஒன்று பழுதாகும். பொயிலர் நின்றுவிடும், குழாய் ஒழுகும், கூரையால் தண்ணீர் இறங்கும். பிளம்பரோ மேசனோ வந்து பார்த்து 280 பவுண் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாங்களும் சம்மதிக்கிறோம். வேலை முடிந்ததும் அவர் நீட்டுகிற பில்லில் 460 பவுண் என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டால், சாமான் விலை கூடிவிட்டது, நேரமும் கூட எடுத்துவிட்டது என்று வேகமான ஆங்கிலத்தில் பதில் வருகிறது. எங்களுக்குப் பாஷை ஓடவில்லை. "வந்த இடத்தில் ஏன் வீண் வம்பு" என்று, வாடகைக்கு வைத்திருந்த காசையும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக் கொடுக்கத் தேவையில்லை. பில்லில் எழுதியிருப்பது அவர் கேட்கிற தொகை. நீங்கள் கொடுக்கவேண்டியது இரு பகுதியும் பேசிச் சம்மதித்த தொகை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

கொட்டேசனா, எஸ்ரிமேற்றா?

இந்த இரண்டு சொல்லையும் எம்மவர் ஒன்றுபோலவே பாவிக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவை வேறு.

கொட்டேசன் என்பது "இந்த வேலையை இந்த விலைக்குச் செய்து தருவேன்" என்ற உறுதி. நீங்கள் சம்மதித்தவுடன் அது ஒப்பந்தமாகிவிடுகிறது. வேலை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது என்பதற்காக அவர் தன்பாட்டில் விலையைக் கூட்ட முடியாது. நட்டம் வந்தால் அது அவருடைய நட்டம்.

எஸ்ரிமேற் என்பது ஏறக்குறைய இவ்வளவு வரலாம் என்ற மதிப்பீடு. முடிவில் வரும் தொகை சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனாலும் அவர் நினைத்தபடி கேட்க இயலாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, விலை முன்கூட்டியே தீர்மானிக்கப்படாவிட்டால் நியாயமான விலையைக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்கிறது. நியாயமான விலை எது என்று அறிய, அதே வேலைக்கு வேறு இரண்டு பேரிடம் விலை கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள்.

வாயால் சொன்ன விலையும் செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். ஊரில் வேலி அடைக்கக் கூலி பேசினால் அயலில் நாலு பேருக்குத் தெரியும், பிணக்கு வந்தால் தீர்த்துவைக்க ஒரு பெரியவர் இருப்பார். இங்கே அந்த நாலு பேருக்குப் பதிலாக இருப்பது எழுத்துத்தான்.

"ஓகே" என்ற சொல்லில் கவனம்

வேலை நடந்துகொண்டிருக்கும்போது பிளம்பர் வந்து ஏதோ சொல்வார். பாதி விளங்கும், பாதி விளங்காது. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே "ஓகே, ஓகே" என்று தலையாட்டுவோம். மரியாதைக்குச் சொன்ன அந்த ஓகே, பிறகு கூடுதல் விலைக்குச் சம்மதம் கொடுத்ததாகக் காட்டப்படலாம்.

இதற்கு இலண்டனிலேயே பெயர்பெற்ற ஒரு வழக்கு உண்டு. 1980களில் புல்ஹாம் பகுதியிலுள்ள லில்லி வீதியில் 27 பிளாற்றுகளைத் திருத்தும் வேலையை றொவி சகோதரர்கள் என்ற கட்டட நிறுவனம் எடுத்திருந்தது. அதில் தச்சு வேலையை வில்லியம்ஸ் என்பவருக்கு 20,000 பவுணுக்குக் கொடுத்தது. விலை மிகக் குறைவு. பாதி வழியில் தச்சருக்குக் காசு முடை வந்தது. வேலை நின்றால் தாமதத்துக்குத் தாங்கள் தண்டம் கட்டவேண்டி வரும் என்று, முடிக்கிற ஒவ்வொரு பிளாற்றுக்கும் 575 பவுண் கூடத் தருவதாக நிறுவனமே வாக்குக் கொடுத்தது. பிறகு அந்தக் காசை முழுதாகக் கொடுக்கவில்லை. 1989இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், கொடுத்த வாக்கு செல்லும் என்று தச்சரின் பக்கம் தீர்ப்பளித்தது. வேலை புதிதல்ல, முன்பு பேசிய அதே வேலைதான். அப்படியிருந்தும் நடுவில் மனமொத்துக் கொடுத்த வாக்கு அவர்களைக் கட்டிப்போட்டது.

மிரட்டி வாங்கிய சம்மதம் அப்படியல்ல. அதே 1989இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், கவ்கோ என்ற சிறிய இறக்குமதி நிறுவனத்தின் கூடைகளைக் கடைகளுக்கு ஏற்றிச்செல்ல அற்லஸ் என்ற லொறி நிறுவனம் விலை பேசியிருந்தது. விலையைக் குறைத்துப் பேசிவிட்டோம் என்று பிறகு கண்ட அற்லஸ், கூடிய விலை எழுதிய பத்திரத்தைச் சாரதியிடம் கொடுத்தனுப்பியது. ஒப்பமிடாவிட்டால் சாமான் ஏற்றமாட்டோம் என்றது. வேறு வழியில்லாமல் கவ்கோ ஒப்பமிட்டது. அந்தக் கூடிய விலையைக் கொடுக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே விளங்காத இடத்தில் தலையாட்டாதீர்கள். "எழுதித் தாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

வேலை தொடங்க முன்னர்

கீழ்க்கண்டதை ஆங்கிலத்தில் எழுதுவித்து, வேலைகாரருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, சம்மதம் என்ற பதிலை வாங்கிவையுங்கள்:

"பேசிய விலை 280 பவுண். சாமான், கூலி, வாட் வரி எல்லாம் இதில் அடங்கும். கூடுதல் வேலையோ கூடுதல் காசோ இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே செல்லும்."

கடைசி வரி வீண் வரியல்ல. மாற்றங்கள் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சொல்லியிருந்தால், வாயால் பேசிய மாற்றம் செல்லாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம், இலண்டன் அலுவலக வாடகை பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வேலைகாரர் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே பழைய ஈயக் குழாய் இருப்பது தெரியவரலாம். நேர்மையானவர் வேலையை நிறுத்திவிட்டு உங்களிடம் காட்டுவார், புதிய விலையைச் சொல்லிச் சம்மதம் கேட்பார். நீங்கள் புதிதாகக் கேட்ட வேலைக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். கேட்காமலே செய்துவிட்டுப் பில்லில் மட்டும் சேர்ப்பதைத்தான் நீங்கள் மறுக்கலாம்.

வருபவர் எம்மவராக இருந்தால், "ஊர்க்காரரிடம் எழுதிக் கேட்பதா?" என்று கூச்சப்படுகிறோம். கூச்சப்படவேண்டாம். எழுதிவைத்தால் காசும் தப்பும், உறவும் தப்பும்.

பில் கூடி வந்தால்

1. அந்த இடத்தில் வாக்குவாதப்படவேண்டாம். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கச் செய்யவும் வேண்டாம். பில்லை வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

2. சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, கூடுதல் எதற்கு என்று விபரமாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள்.

3. பேசிய தொகையை, வேலை ஒழுங்காக முடிந்திருந்தால், உடனே கொடுங்கள். வங்கி மூலம் அனுப்புவது நல்லது. காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். மிச்சத்தை ஏன் ஏற்கவில்லை என்று திகதியிட்டு எழுதுங்கள்.

4. கொடுக்காமல் தப்ப வழியில்லை என்ற நிலை வந்தால், "ஆட்சேபத்துடன் கொடுக்கிறேன்" என்று பில்லிலேயே எழுதுங்கள். பிறகு திருப்பிக் கேட்க அது உதவும்.

வீட்டோடு பொருத்திய சாமானைக் கழற்றிக்கொண்டு போவேன் என்று சிலர் சொல்வதுண்டு. உங்கள் அனுமதியில்லாமல் உள்ளே வந்து கழற்ற அவருக்கு உரிமையில்லை. விசாவைப் பற்றி அறிவிப்பேன் என்று மிரட்டிக் காசு கேட்பது அவரையே குற்றவாளியாக்கலாம். வாசலில் நின்று பயமுறுத்தினால் 999க்கு அழையுங்கள்.

வேலையும் பிழையென்றால்

பொல்ரன் எதிர் மகாதேவா. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற 1972ஆம் ஆண்டு வழக்கு இது. பெயரே எமக்குப் பழக்கமான பெயராக இருக்கும். வீட்டுக்கு ஹீற்றிங் பூட்டப் பேசிய விலை 560 பவுண். பூட்டியபின் வீடு போதியளவு சூடாகவில்லை, அறைகளுக்குள் புகையும் வந்தது. திருத்த 174 பவுண் 50 பென்ஸ் தேவைப்பட்டது. அந்த 560 பவுணைக் கொடுக்கவே தேவையில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இதைப் படித்துவிட்டுச் சின்னக் குறைக்கெல்லாம் முழுக் காசையும் நிறுத்திவிடாதீர்கள். 1952இல் தீர்ப்பான ஒரு வழக்கில், 750 பவுணுக்கு ஒரு பிளாற்றை அலங்கரித்துத் தளபாடம் செய்து கொடுத்தவரின் வேலையில் ஏறக்குறைய 56 பவுணுக்குக் குறை இருந்தது. அந்தத் திருத்தச் செலவை மட்டும் கழித்துவிட்டு மீதியைக் கொடுக்கும்படி வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டது. முதலில் குறையைத் திருத்த அவருக்கே ஒரு சந்தர்ப்பம் கொடுப்பதுதான் முறை.

நீதிமன்றம் என்று பயமுறுத்தினால்

பில் பிணக்கு குடியியல் விவகாரம். கூட்டிக் கேட்ட காசைக் கொடுக்க மறுத்ததற்காக ஒருவரையும் சிறையில் போடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண் வரையான பிணக்குகள் பெரும்பாலும் சிறு கோரிக்கை முறையில் விசாரிக்கப்படுகின்றன. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். 2024 மே மாதத்திலிருந்து இப்படியான காசு வழக்குகளில், விசாரணைக்கு முன் தொலைபேசி மூலமான இலவச சமரசப் பேச்சில் இரு பகுதியும் பங்குபற்றவேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நீதிமன்றத்திலிருந்து வருகிற கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைக்காதீர்கள். கோரிக்கைப் பத்திரம் கிடைத்து 14 நாளுக்குள் பதில் கொடுக்கவேண்டும். கிடைத்ததை ஏற்று அறிவித்தால் மறுப்பை எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பதில் போகாவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தீர்ப்பு அவர் பக்கம் போய்விடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் பதிவில் இருக்கும். பிறகு வீடு வாடகைக்கு எடுக்கவும் கடன் எடுக்கவும் இடைஞ்சல்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு

ஹீற்றிங், தண்ணீர்க் குழாய், கூரை ஆகியவற்றைத் திருத்துவது பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்களாகப் பிளம்பரைக் கூப்பிட முன்னர் அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். எரிவாயு பொயிலரில் கைவைப்பவரிடம் காஸ் சேவ் பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

பிணக்கு வந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிறுவனத்தின் நுகர்வோர் பிரிவை 0808 223 1133 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அழைப்பு இலவசம். பில், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், வேலையின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு, கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.